தசை வளர்க்க சப்ளிமென்ட் எவ்வளவு உதவும்?

கேள்வி இதுதான்: "ஜிம்முக்குப் போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. எடை 68 கிலோ. வே புரோட்டீன், கிரியேட்டின், பிசிஏஏ, மாஸ் கெய்னர், டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர் என்று ஐந்து டப்பா வாங்கச் சொல்கிறார் ட்ரெய்னர். இவற்றால் உண்மையிலேயே தசை ஏறுமா, இல்லை எல்லாமே வியாபாரமா?"

ஐந்தில் ஒன்று நிச்சயம் வேலை செய்யும், அது கிரியேட்டின். வே புரோட்டீன் உங்கள் சாப்பாட்டில் புரதம் குறைவாக இருந்தால் பயன்படும். ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் பெரிதாக எதையும் கூட்டாது. பிசிஏஏ, அதாவது மூன்று அமினோ அமிலங்கள் கலந்த பொடி, வீண் செலவு. மாஸ் கெய்னர் பெரும்பாலும் மாவுச்சத்துப் பொடி. டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டரைத் தொடவே வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பணம் உங்களுடையது, உடம்பும் உங்களுடையது. காரணங்களைத் தெரிந்துகொண்டால் நாளைக்கு ஆறாவதாக ஒரு டப்பாவை யாராவது நீட்டும்போதும் நீங்களே முடிவு செய்ய முடியும்.

இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் "வேலை செய்யுமா, செய்யாதா" என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பொடி தசையைக் கூட்டுகிறது என்று ஆய்வில் வந்திருக்கலாம். அது மூன்று மாதத்தில் கால் கிலோ என்றால், டப்பாவின் மேல் படத்தில் நிற்பவரின் உடம்புக்கும் அந்தப் பொடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் கிலோ கணக்கிலேயே பார்ப்போம்.

முதலில் தசை எப்படி வளர்கிறது என்பது. உடம்பில் தசைப் புரதம் எந்நேரமும் உடைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கிறது. கனமான எடையைத் தூக்கும்போது தசை நார்களில் ஏற்படும் இழுவிசை, உருவாகும் வேகத்தைக் கூட்டச் சொல்லி உள்ளே சமிக்ஞை அனுப்புகிறது. அந்த வேகம் ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அதற்குள் நீங்கள் சாப்பிடும் புரதத்திலிருந்து அமினோ அமிலங்கள், அதாவது புரதம் கட்டும் துண்டுகள், வந்து சேர்ந்தால் உடைவதைவிட உருவாவது அதிகமாகும். இப்படி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தசை தடிக்கிறது. தொடக்கி வைப்பது எடை. புரதம் அதற்கு மூலப்பொருள். எடை தொடக்கி வைக்காத இடத்தில் மூலப்பொருளைக் குவித்துப் பயனில்லை.

இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று 1994-ல் வெளிவந்தது. முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 100 பேர், சராசரி வயது 87. சிலருக்குப் பத்து வாரம் கடுமையான எடைப் பயிற்சி மட்டும், சிலருக்குச் சத்து பானம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமே இல்லை. பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை 100 சதவீதத்துக்கு மேல் கூடியது, அதாவது இரண்டு மடங்குக்கும் அதிகமானது. நடை வேகமும் கூடியது. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குக் குறிப்பிடும்படி எந்த மாற்றமும் இல்லை. 87 வயதில் எடை தூக்கியே வலிமை இரண்டு மடங்காகிறது என்றால், உங்கள் வயதில் பயிற்சியால் என்னென்ன முடியும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் என்னை மிகவும் உற்சாகப்படுத்துகிற ஆய்வு இதுதான்.

இப்போது புரதத்துக்கு வருவோம். 2018-ல் 49 ஆய்வுகளை, மொத்தம் 1,863 பேரின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். எல்லோரும் எடைப் பயிற்சி செய்தவர்கள். ஒரு பாதிக்குக் கூடுதல் புரதம் கொடுக்கப்பட்டது. பயிற்சியால் மட்டுமே கொழுப்பு நீங்கலான உடல் எடை சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூடியது. கூடுதல் புரதம் அதன் மேல் சேர்த்தது சுமார் 0.3 கிலோ. அதாவது 300 கிராம். இதைப் படித்துவிட்டுப் புரதம் முக்கியமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஏற்கெனவே ஓரளவு நல்ல அளவில் புரதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஏற்கெனவே நிறைந்திருக்கும் பாத்திரத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும். புரதம் குறைவாகச் சாப்பிடுகிறவருக்குப் பலன் இதைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு.

அந்தத் தொகுப்பாய்வு இன்னொரு பயனுள்ள எண்ணையும் தந்தது. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற அளவைத் தாண்டினால் சராசரியாக மேற்கொண்டு பலன் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்பதால் எச்சரிக்கையாக 2.2 கிராம் வரை போகலாம் என்பார்கள். உங்கள் 68 கிலோவுக்கு 1.6 என்றால் சுமார் 109 கிராம். பொதுவாக ஆரோக்கியமான ஒருவருக்குப் பரிந்துரைக்கப்படும் 0.8 கிராம் என்பது குறைபாடு வராமல் இருப்பதற்கான அளவு. அதன்படி உங்களுக்கு 54 கிராம்தான் வரும். எடை தூக்குகிறவருக்கு அது போதாது.

ஆகவே கடைக்குப் போகும் முன் மூன்று நாள் நீங்கள் சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம் அளவுக்கு, வேகவைக்காத பருப்பு 100 கிராமில் 20 முதல் 25 கிராம் இருக்கும். சோயா உருண்டைகளில் எடையில் பாதி புரதம். கூட்டிப் பார்த்தால் பலருக்கு 50, 60-லேயே நின்றுவிடும். அப்படி நின்றால், அந்தப் பள்ளத்தை முதலில் சாப்பாட்டாலேயே நிரப்பப் பாருங்கள். நேரமில்லை, சமைக்க வசதியில்லை, அவ்வளவு சாப்பிட வயிறு ஒத்துழைக்கவில்லை என்றால் அப்போது ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் நியாயமான வழி. 30 கிராம் பொடியில் 22 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கும். வசதிக்காக வாங்கும் உணவு, அவ்வளவுதான் அதன் இடம்.

வே என்பது வேறொன்றும் இல்லை, பாலைத் திரித்துச் சீஸ் எடுத்த பின் மிஞ்சும் தெளிந்த நீரிலிருந்து பிரித்துக் காயவைத்த புரதம். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு வே, மீதி கேசின். வே சீக்கிரம் செரிக்கிறது, தசைப் புரதம் உருவாவதைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம் அதில் நிறைய இருக்கிறது. அந்தக் காரணத்தால் நல்ல பெயர். கான்சன்ட்ரேட், ஐசோலேட் என்று இரண்டு வகை விற்கிறார்கள். ஐசோலேட்டில் புரதம் 90 சதவீதம் அளவுக்கு இருக்கும், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு அது ஒத்துவரும். மற்றவர்களுக்கு கான்சன்ட்ரேட் போதும், தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் வராது.

அசைவம், பால் எதுவும் சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில் தாவர உணவு மட்டும் உண்ணும் 19 இளைஞர்களையும் அசைவம் உண்ணும் 19 இளைஞர்களையும் 12 வாரம் கால் பயிற்சி செய்யவைத்தார்கள். ஒரு குழுவுக்கு சோயா புரதம், மற்றதுக்கு வே கொடுத்து, இருவருக்கும் மொத்தப் புரதத்தைக் கிலோவுக்கு 1.6 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். தசையிலும் வலிமையிலும் இரண்டு குழுவும் ஒரே அளவு முன்னேறின. மொத்த அளவு எட்டிவிட்டால் எங்கிருந்து வந்தது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் போச்சு என்பார்கள். அந்தப் பதற்றம் வேண்டாம். 2013-ல் நேரம் தொடர்பான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு நாளின் மொத்தப் புரத அளவைச் சமப்படுத்தியதும் நேரத்தால் வந்ததாகத் தோன்றிய பலன் மறைந்துவிட்டது. ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்ளாது என்பதும் அப்படித்தான். 2023-ல் பயிற்சிக்குப் பின் ஒரே தடவையில் 100 கிராம் பால் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதை மெதுவாக, பல மணி நேரம் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. 25 கிராம் கொடுத்தவர்களைவிடத் தசைப் புரதம் உருவானது அதிகம். உங்கள் வசதிக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பயம் வீட்டுப் பெரியவர்களிடம் உண்டு. ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன அளவுகளால் கேடு வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது உண்மையான பயம்தான், அவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரை நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருந்தால் சிறுநீரகம் சத்தமில்லாமல் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு தொடங்குவது புத்திசாலித்தனம்.

அடுத்தது கிரியேட்டின். சப்ளிமென்ட் அலமாரியில் இவ்வளவு ஆராயப்பட்ட பொருள் வேறு கிடையாது. 1832-ல் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜின் செவ்ரல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தது இது. நம் உடம்பே தினமும் தயாரிக்கிறது, இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கிறது. 70 கிலோ ஆளின் உடம்பில் ஏறக்குறைய 120 கிராம் இருக்கும், அதில் 95 சதவீதம் தசையில். கனமான எடையைத் தூக்கும் முதல் சில விநாடிகளில் தசை ஏடிபி என்ற எரிபொருளை மளமளவென்று செலவழிக்கிறது. செலவழிந்ததை உடனே மீட்டுத் தருவது கிரியேட்டின் பாஸ்பேட். அதன் இருப்பு கூடினால் ஒரு செட்டில் எட்டு ரெப்ஸில் (எட்டுத் தடவை தூக்கியதும்) நின்றுபோகும் இடத்தில் ஒன்பதாவது கிடைக்கும், அடுத்த செட்டுக்குள் கொஞ்சம் சீக்கிரம் மீளலாம். வாரக்கணக்கில் இந்தக் கூடுதல் ரெப்ஸ் சேர்ந்து தசையாகிறது. ஆக, கிரியேட்டினும் பயிற்சியின் வழியாகத்தான் வேலை செய்கிறது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் நீர் எடை மட்டும் கூடும்.

வாயால் சாப்பிட்டால் தசையில் அதன் அளவு உண்மையிலேயே கூடுகிறது என்று 1992-ல் ராஜர் ஹாரிஸும் அவருடன் இருந்தவர்களும் காட்டினார்கள். அதற்குப் பின் வந்த தொகுப்பாய்வுகளில், பயிற்சியோடு கிரியேட்டின் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடக் கொழுப்பு நீங்கலான எடையில் சுமார் ஒரு கிலோ கூடுதலாகப் பெற்றார்கள். அதில் ஒரு பங்கு தசைக்குள் தேங்கும் நீர். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வாரத்தில் தராசு ஒரு கிலோ ஏறியதும் பலர் அதைத் தசை என்றே நம்பிவிடுகிறார்கள். 2025-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இந்த நீரைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. பயிற்சி தொடங்கும் முன்பே ஒரு வாரம் தினம் 5 கிராம் கொடுத்தார்கள், அரை கிலோ கூடியது. பிறகு 12 வாரப் பயிற்சியில் கிரியேட்டின் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் சமமாக, ஆளுக்குச் சுமார் 2 கிலோ பெற்றார்கள். ஓர் ஆய்வு பழைய எல்லாவற்றையும் புரட்டிவிடாது. பங்கேற்றவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர்தான். வலிமை கூடுகிறது என்பதற்கான சான்று இன்னும் உறுதியாகவே இருக்கிறது. ஆனால் தசையளவில் கிரியேட்டினின் பங்கு நாம் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது நேர்மை.

அளவு தினம் 3 முதல் 5 கிராம். முதல் வாரம் தினம் 20 கிராம் போடும் "லோடிங்" முறையில் தசை சீக்கிரம் நிரம்பும். தினம் 3 கிராமே எடுத்தாலும் நான்கு வாரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும். அவசரமில்லை என்றால் லோடிங் வேண்டாம், வயிற்றுப்போக்குத் தொல்லையும் மிச்சம். மோனோஹைட்ரேட் என்ற சாதாரண வகையை வாங்குங்கள். பஃபர்டு, ஈதைல் எஸ்டர் என்று விலை கூட்டி வருபவற்றை மோனோஹைட்ரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எதுவும் மேலாக இல்லை. அசைவம் சாப்பிடாதவர்களுக்குத் தசையில் கிரியேட்டின் இயல்பாகவே குறைவு என்பதால் அவர்களுக்குப் பலன் சற்று நன்றாகத் தெரியும். சிலருக்கு எதுவுமே தெரியாது, அவர்களின் தசை ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

முடி கொட்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2009-ல் ரக்பி வீரர்கள் இருபது பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில் முடி கொட்டுவதோடு தொடர்புள்ள டிஹெச்டி என்ற ஹார்மோன் கூடியதாக வந்தது. முடி கொட்டியதா என்று அவர்கள் பார்க்கவே இல்லை. அந்த ஹார்மோன் முடிவும் அதற்குப் பின் உறுதிப்படவில்லை. சிறுநீரகம் பற்றியும் ஒன்று: கிரியேட்டின் உடைந்தால் கிரியேட்டினின் ஆகும், ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தைக் கணிக்கப் பார்ப்பது இதைத்தான். ஆகவே சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் எண் சற்றுக் கூடித் தெரியலாம். ரத்தம் கொடுக்கும்போது கிரியேட்டின் எடுக்கிறேன் என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தேவையில்லாத பயமும் பரிசோதனைகளும் குறையும்.

பிசிஏஏவை வேகமாகக் கடந்துவிடலாம். தசைப் புரதம் கட்ட ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்கள் வேண்டும். பிசிஏஏ டப்பாவில் மூன்றுதான் இருக்கின்றன. மீதி ஆறும் வராமல் கட்டுமானம் வெகுதூரம் போகாது. முட்டையிலும் பாலிலும் வேயிலும் ஒன்பதும் இருக்கின்றன, அந்த மூன்றும் சேர்த்து. குளுட்டமைன் என்ற அமினோ அமிலமும் அப்படித்தான்; 2001-ல் ஆறு வாரம் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தும் பயிற்சியின் பலனை அது கூட்டவில்லை. லூசினிலிருந்து உண்டாகும் எச்எம்பி என்ற பொருள் பற்றி நம்ப முடியாத அளவுக்கு நல்ல முடிவுகள் ஒருகாலத்தில் வந்தன. மற்ற விஞ்ஞானிகள் அவற்றைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள், அடுத்து வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் காணப்படவில்லை.

மாஸ் கெய்னர் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். முதல் பெயர் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது உடைத்த மாவுச்சத்து. எவ்வளவு சாப்பிட்டாலும் எடையே ஏறாத ஒல்லியானவருக்குக் கூடுதல் கலோரி உண்மையில் தேவைதான். அதற்கு இன்னொரு டம்ளர் பால், வாழைப்பழம், கடலை, கூடுதலாக ஒரு பிடி சோறு போதுமே. கெய்னர் குடித்து மூன்று மாதத்தில் ஆறேழு கிலோ ஏறியவர்களுக்குப் பெரும்பகுதி இடுப்பில் சேர்ந்திருக்கும்.

பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பொடி உங்கள் பட்டியலில் இல்லை, ஆனாலும் சீக்கிரம் வந்துவிடும். அதில் உருப்படியாக வேலை செய்வது காஃபீன். கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவு, உங்களுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம், சோர்வைத் தள்ளிப்போட்டுப் பயிற்சியைச் சற்றுக் கூட்டித் தரும். ஒன்றிரண்டு கப் காபியிலேயே அது கிடைக்கும். முகமும் கைகளும் கிச்சுகிச்சு மூட்டினாற்போல் ஆவது அதில் கலக்கும் பீட்டா அலனைன் என்ற அமினோ அமிலத்தால். அந்த உணர்வுக்கும் தசைக்கும் தொடர்பில்லை. மாலையில் குடித்தால் தூக்கம் கெடும், அது பெரிய இழப்பு. 2010-ல் ஒரு சிறிய ஆய்வில், உணவைக் குறைத்திருந்தவர்களை இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். எட்டரை மணி நேரம் படுத்த காலத்தோடு ஒப்பிட்டால் கொழுப்பு குறைவாகக் கரைந்தது, தசையை உள்ளடக்கிய எடை அதிகமாகப் போனது. எந்தப் பொடியாலும் அதை ஈடுகட்ட முடியாது.

இப்போது மனசுக்குக் கஷ்டமான பகுதி. விளம்பரத்தில் பார்க்கும் உடம்புகள் எங்கிருந்து வருகின்றன? 1996-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில் 43 ஆண்களுக்குப் பத்து வாரம் சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. ஹார்மோன் இல்லாமல் எடைப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 2 கிலோ கூடியது. எந்தப் பயிற்சியும் செய்யாமல் ஹார்மோன் மட்டும் போட்டவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. இதைப் புரோட்டீன் பவுடரின் 300 கிராமோடு வைத்துப் பாருங்கள். டப்பா மீது நிற்பவர்களில் பலர் கட்டிய உடம்பு அந்த ஊசியால் வந்திருக்கலாம், டப்பாவுக்குள் இருப்பதால் அல்ல. அதைப் பார்த்து, தாமும் இதைக் குடித்தால் அப்படி ஆவோம் என்று நம்பி, ஆகாமல் போனதும் தங்கள் உடம்பில்தான் ஏதோ குறை என்று மனம் உடைகிற பையன்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. குறை அவர்களிடம் இல்லை. அந்த ஏமாற்றத்தில்தான் பலர் ஊசிப் பக்கம் போகிறார்கள். விரைகள் சுருங்குவது, விந்தணு குறைவது, நல்ல கொலஸ்ட்ரால் விழுவது, இதயத் தசை தடிப்பது என்று அதன் விலை மிகப் பெரியது.

"எனக்கு இந்தப் பூஸ்டர் நிஜமாகவே வேலை செய்தது" என்பவர் பொய் சொல்லவில்லை. நம்பிக்கைக்கும் வலு உண்டு. 1972-ல் வெளியான ஒரு சோதனையில், எடை தூக்கும் சில மாணவர்களிடம் தசை வளர்க்கும் ஹார்மோன் மருந்தான ஸ்டீராய்டு தருகிறோம் என்று சொல்லி வெறும் மாத்திரை கொடுத்தார்கள். அந்த வாரங்களில் அவர்களின் வலிமை முன்னைவிட வேகமாக ஏறியது. புதிதாக ஒரு டப்பா வாங்கிய மாதத்தில் யாரும் ஜிம்முக்கு மட்டம் போடுவதில்லை, சாப்பாட்டிலும் கவனம் வருகிறது. பலனைப் பொடிதான் தந்தது என்று எப்படிச் சொல்வது?

டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்களில் அடிக்கடி வருவது நெருஞ்சில் சாறு. 2007-ல் ரக்பி வீரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தபோது ஹார்மோனும் கூடவில்லை, தசையும் கூடவில்லை. அஸ்வகந்தா, அதாவது அமுக்கராக் கிழங்கு, சில சிறிய ஆய்வுகளில் வலிமையைச் சற்றுக் கூட்டியிருக்கிறது; கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் பல பதிவுகள் உண்டு. மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னும் பெரிய ஆபத்து லேபிளில் எழுதாததில் இருக்கிறது. அமெரிக்காவில் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி சப்ளிமென்ட்கள் விற்பனைக்கு வரும் முன் மருந்துகளைப் போல அனுமதி பெறத் தேவையில்லை. இன்னும் பல நாடுகளிலும் மருந்துக்கு உள்ள கண்டிப்பு இதற்கு இல்லை. 2004-ல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தார்கள். ஹார்மோன் எதுவும் இல்லை என்று விற்கப்பட்டவை அவை. 94-ல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டுகள் இருந்தன. ஏறக்குறைய 15 சதவீதம். 2017-ல் சார்ம்ஸ் (ஆண் ஹார்மோனைப் போல் தசையைத் தூண்டும் மருந்துகள்) என்ற பெயரில் இணையத்தில் விற்கப்பட்ட 44 பொருட்களைப் பார்த்தபோது பாதியில்தான் உண்மையில் சார்ம்ஸ் இருந்தது, நான்கில் ஒன்றில் லேபிளில் இல்லாத வேறு பொருட்கள் இருந்தன. போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படுகிறவர்கள் இதனாலேயே தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

புரோட்டீன் பவுடரில் நடக்கும் மோசடி வேறு மாதிரி. புரத அளவை அளக்கும் பழைய முறை, பொடியில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்குவது. கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருட்களைக் கலந்தால் நைட்ரஜன் கூடும், காகிதத்தில் புரதம் ஏறும், தசைக்கு ஒன்றும் போகாது. பொருட்களின் பட்டியலில் இவை தனியாக எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். "ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்" என்று போட்டு ஒவ்வொன்றின் அளவையும் மறைத்திருந்தால் வாங்காதீர்கள். இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் போன்ற வெளிப் பரிசோதனை முத்திரை உள்ளதா என்று பார்த்து, அந்த அமைப்புகளின் பட்டியலில் அந்தப் பொருள் நிஜமாகவே இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். முத்திரையைக்கூட அச்சடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்தச் சப்ளிமென்ட் எடுத்தாலும், கண் மஞ்சளாவது, சிறுநீர் டீ நிறத்தில் போவது, உடம்பெல்லாம் தாங்காத அரிப்பு, சாப்பிடவே பிடிக்காமல் போவது என்று எது வந்தாலும் அன்றே நிறுத்துங்கள். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டால் வரும் மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் ஆளை வாட்டிவிடும். நெஞ்சு படபடப்பும் அப்படியே, குறிப்பாக ப்ரீ-வொர்க்அவுட் குடிக்கிறவர்களுக்கு. 18 வயது ஆகாதவர்கள் சாப்பாட்டோடும் பயிற்சியோடும் நின்றுகொள்வது நல்லது.

இனி உங்கள் பட்டியல். பிசிஏஏ, கெய்னர், பூஸ்டர் மூன்றையும் அடித்துவிடுங்கள். மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 109-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் வே வாங்க வேண்டாம். இருபது முப்பது குறைந்தால் ஒரு ஸ்கூப் சரி. சிறுநீரகத் தொல்லை இல்லை, பணமும் இடிக்கவில்லை என்றால் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம். இது இல்லாமலும் தசை வளரும், முதல் ஆண்டில் நன்றாகவே வளரும்.

ட்ரெய்னரிடம் இன்னொன்றைக் கேளுங்கள். முதல் மாதம் ஸ்குவாட்டிலும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் எவ்வளவு எடை போட்டீர்கள், இன்றைக்கு எவ்வளவு? அந்த எண் நகரவில்லை என்றால் பிரச்சினை பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்குப் பத்து செட் அளவுக்காவது வருகிறதா, செட்டின் கடைசி ரெப்ஸ் நிஜமாகவே கஷ்டமாக இருக்கின்றனவா, எடை படிப்படியாகக் கூடுகிறதா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் போட்ட எடையையும் ரெப்ஸையும் எழுதுங்கள். அடுத்த மூன்று மாதம் அப்படிச் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் ஐந்து டப்பா வேண்டும் என்று அவர் சொன்னால், எதற்காக என்று கேட்க உங்கள் கையில் கணக்கு இருக்கும்.